30 நாள் ட்ரயல் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது: மூன்று கம்ப்யூட்டர், மூன்று விதமான தகராறு

கட்டபெட்டு இலைக்கடை
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கட்டபெட்டு பக்கம் எங்கள் ஊர். அப்பா இலை ஏஜென்ட். சுற்றுவட்டாரத்தில் 58 சிறு விவசாயிகளிடம் பச்சை இலையை எடை போட்டு வாங்கி, சாயங்காலம் லாரியில் ஃபேக்டரிக்கு ஏற்றுவார். இத்தனை வருடமும் நீள நோட்டில்தான் கணக்கு. ஆள் பெயர், காலை எடை, மாலை எடை, சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு, முன்பணம், உரத்துக்குக் கொடுத்தது. மாதக் கடைசியில் அப்பாவும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டுவோம். போன மாதம் ஒரு பாட்டியின் கணக்கில் 46 கிலோ விட்டுப்போனது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். எந்தெந்த நாள் எத்தனை கிலோ என்று மனதில் வைத்திருந்து சொன்னார், நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரி. அப்பா அன்று சாப்பிடவே இல்லை. கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

கணக்கு சாஃப்ட்வேர் ஒன்று பார்த்து வைத்தேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இருக்கிறது. வருடக் கட்டணம் எங்களுக்குக் கொஞ்சம் பெரிய தொகை, ஆனால் 30 நாள் ட்ரயல் உண்டு. பார்த்துவிட்டு வாங்கலாம் என்று அப்பாவும் சம்மதித்தார்.

முதலில் இலை ஷெட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10. அதில் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்று ஏதோ வந்தது. அதனால் போனில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து இன்ஸ்டால் செய்தேன். விசிரன்டைம்140 டிஎல்எல் என்ற துணை ஃபைல் இல்லை என்று ஒரு பிழை. தேடிப் பார்த்து ஒரு தளத்திலிருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துப் போட்டேன், திறந்துவிட்டது. "30 நாள் மீதம்" என்று காட்டியது. சந்தோஷமாகப் பத்து விவசாயிகளின் பெயரை ஏற்றிவிட்டுப் படுத்தேன். மறுநாள் மதியம் திறந்தால் "ட்ரயல் காலம் முடிந்தது" என்கிறது. மூன்று முறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே செய்திதான்.

சரி என்று என் லேப்டாப்பில் போட்டேன். பிளஸ் டூவில் அரசு கொடுத்தது. அப்போது அதில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இப்போது விண்டோஸ் 10, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. விண்டோஸில் ஒரு நீல எச்சரிக்கைப் பெட்டி வந்து தடுத்தது, தாண்டிப் போய் இன்ஸ்டால் செய்தேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது. நடுவில் ஒருமுறை உபுண்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் "கணினியின் நேரம் மாற்றப்பட்டுள்ளது" என்று சொல்லிப் பூட்டிக்கொண்டது. உபுண்டுவில் போட்ட, லினக்ஸுக்கான ஆப்இமேஜ் ஃபைலோ, இரண்டு முறை தட்டினாலும் ஒன்றுமே நடக்கவில்லை.

தம்பி பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான், அவனுடைய மேக்புக் ஏர் எம்1 இருக்கிறது. அதில் ஆப்பிளால் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லித் திறக்கவே மறுக்கிறது.

டவுனில் ஒருவர் 500 ரூபாய் கொடுங்கள், கிராக் போட்டு, கட்டணம் கட்டாமலே பூட்டைத் திறந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். விவசாயிகளின் பணக் கணக்கு இது. நேர்மையான வழியில் ட்ரயலைத் திரும்பப் பெற முடியுமா? வரும் 1ஆம் தேதி புது மாதக் கணக்கு தொடங்குகிறது.


குன்னூர் சர்வீஸ்காரன்
ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, கிராக் வேண்டாம் என்று திரும்பி வந்தது மிக நல்ல காரியம். 22 வருடமாக சிஸ்டம் சர்வீஸ் செய்கிறேன், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் கேட்கிறேன்.

டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறதா? ராத்திரி பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கம் உண்டா? நீங்கள் இன்ஸ்டால் செய்த ராத்திரிக்கும் மறுநாள் மதியத்துக்கும் நடுவில் யாராவது தேதியைத் தொட்டார்களா?


ஊட்டி மார்க்கெட் 7
ஞாயிறு, இரவு 10.50

ரொம்ப யோசிக்க வேண்டாம். தேதியைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு சாஃப்ட்வேரைத் திறங்கள், ஓடும்.


கட்டபெட்டு இலைக்கடை
திங்கள், காலை 6.15

அண்ணா, மூன்றுக்கும் ஆமாம்.

எஃப்1 கேட்கும். ஒரு வருடமாகவே கேட்கிறது, அழுத்திவிட்டு உள்ளே போய்விடுவோம். ராத்திரி மட்டும் இல்லை, இலை ஏற்றி முடித்ததும் அப்பா ஷெட்டின் மெயினையே அணைத்துவிடுவார். போன ஐப்பசியில் இடி விழுந்து பக்கத்து ஷெட்டில் மோட்டார் போனது, அதிலிருந்து இப்படித்தான்.

தேதியை மாற்றியது தம்பி. இன்று காலை கேட்டதும் சொன்னான். மூலையில் 2012 ஜனவரி 1 என்று இருந்ததாம், காலையில் எழுந்ததும் சரியாக மாற்றி வைத்தானாம். நல்லது செய்ததாகத்தான் அவன் நினைத்தான். நான் அந்தத் தேதியைக் கவனிக்கவே இல்லை.


குன்னூர் சர்வீஸ்காரன்
திங்கள், பகல் 1.30

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. தம்பி செய்தது சரிதான், அவரைக் கோபிக்காதீர்கள்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று பெயர். 20 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதுதான் அதன் வேலை. பிளக் மாட்டியே இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் கரண்ட் போர்டுக்கு வந்துகொண்டிருக்கும், பேட்டரிக்கு அதிக வேலை இல்லை. மெயினையே அணைத்தால் ராத்திரி முழுக்க பேட்டரிதான் தாங்க வேண்டும். நம் மலையில் இடிக்குப் பயந்து பிளக்கைக் கழற்றாத வீடு எங்கே இருக்கிறது? கழற்றுவதும் நியாயமே. ஆனால் அந்தப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் போர்டு தனக்குத் தெரிந்த பழைய தேதிக்குப் போய் நின்றுகொள்ளும். உங்கள் போர்டுக்கு அது 2012 ஜனவரி 1. எஃப்1 கேட்பதும் இதனால்தான்.

இப்போது நடந்ததைப் பாருங்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்த ராத்திரி, அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை 2012 ஜனவரி 1. "இன்று தொடக்கம், ஜனவரி 31 கடைசி" என்று சாஃப்ட்வேர் குறித்து வைத்துக்கொண்டது. காலையில் தம்பி தேதியைச் சரியாக்கியதும் அது பார்க்கிறது, கெடு முடிந்து பல வருடம் ஓடிவிட்டது. பூட்டிவிட்டது. அதன் மேல் தப்பில்லை, அதற்குச் சொல்லப்பட்ட தேதி தப்பு.

வெப்சைட் திறக்காததும் இதே காரணம்தான். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2012இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவுமே இன்னும் பிறக்கவில்லை. அதனால் பிரவுசர் உள்ளே விடாது. நெட் கொடுத்தால் விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சில நிமிடம் தப்பினால் திருத்தும். தனியாக இருக்கும் கம்ப்யூட்டரில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால், அந்த நேரச் சேவை வழக்கமாகக் கை வைக்காது. வருடக் கணக்கில் பிந்தியிருந்தால் கையால்தான் மாற்ற வேண்டும்.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஏன் சரியாகவில்லை? தொடக்கத் தேதியை சாஃப்ட்வேர் தன் ஃபோல்டருக்குள் வைப்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓரிடம், மறைவான ஃபோல்டரில் ஓரிடம், சில சமயம் கம்பெனி சர்வரிலும் உங்கள் கம்ப்யூட்டரின் அடையாளத்தோடு ஒரு பதிவு. அன்இன்ஸ்டால் செய்தாலும் அதெல்லாம் அப்படியே இருக்கும், வேண்டுமென்றேதான் விட்டு வைக்கிறார்கள். அதைத் தேடிப் பிடித்து அழிக்கிற வேலையில் இறங்காதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி தப்பாக அழித்துவிட்டு, விண்டோஸே எழும்பாமல் என் கடைக்குத் தூக்கி வந்தவர்கள் உண்டு.

மேலே ஊட்டி நண்பர் சொன்ன வழிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தேதியைப் பின்னால் தள்ளினால் நீங்கள் போடும் ஒவ்வொரு எடைச் சீட்டிலும் 2012 என்று விழும். விவசாயி கையில் கொடுக்கும் சீட்டு அது. தவிர, கடைசியாக எந்த நேரத்தில் திறந்தோம் என்பதையும் இப்படிப்பட்ட சாஃப்ட்வேர்கள் குறித்து வைக்கும். நேரம் பின்னால் போனது தெரிந்தால் மொத்தமாகப் பூட்டும். உங்கள் லேப்டாப்பில் நடந்தது அதுதான். அதற்கு வேறு காரணம் இருக்கிறது, லினக்ஸ் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

செய்ய வேண்டியது: கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். அதற்கு முன்பே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரைக்குள் போய், ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முக்கியமாக ஹார்ட் டிஸ்க் இருக்கும் சாட்டா பகுதி. பேட்டரியைக் கழற்றினால் அந்த அமைப்பு மாறிவிடலாம், மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும், ஊரே பயந்துவிடும். படம் இருந்தால் பழையபடி வைத்துவிடலாம். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பேட்டரியின் ஓரத்தில் சின்ன கிளிப் இருக்கும், நகத்தால் தள்ளினால் எழும்பும். புதியதை, எழுத்து உள்ள பிளஸ் பக்கம் மேலே தெரியும்படி அழுத்துங்கள். வாட்ச் கடையில் கிடைக்கும். கடையில் மீட்டர் வைத்து 3 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டியில் வருடக் கணக்கில் கிடந்ததைக் கொடுத்துவிடுவார்கள்.

தேதியைப் போட்டபின் அவசரப்படாதீர்கள். ஒரு ராத்திரி மெயினை அணைத்து வைத்து, காலையில் தேதி நின்றிருக்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் அடுத்த வேலை.

அந்த டிஎல்எல் விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒற்றை டிஎல்எல் கொடுக்கும் தளங்களை நம்பவே கூடாது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் போட்ட ஃபைலை எடுத்துவிட்டு, விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அந்த டிஎல்எல் அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள் என்ற தொகுப்பு இலவசமாக இருக்கிறது, அதைப் போடுங்கள். 32 பிட்டுக்கான எக்ஸ்86, 64 பிட்டுக்கான எக்ஸ்64 இரண்டையும் போடுவது நல்லது. விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், சாஃப்ட்வேர் 32 பிட் என்றால் அது கேட்பது எக்ஸ்86தான். இது தெரியாமல் எக்ஸ்64 மட்டும் போட்டுவிட்டு, அதே பிழை வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்: கடிகாரப் பேட்டரி தீர்ந்திருந்தது, 2012 என்ற தேதியில் இன்ஸ்டால் ஆனது, தேதியைச் சரிசெய்ததும் காலாவதி என்கிறது, இப்போது பேட்டரி மாற்றிவிட்டோம். சாஃப்ட்வேரின் பதிப்பு எண், விண்டோஸின் பதிப்பு, அந்தப் பிழைச் செய்தியின் படம் மூன்றையும் சேருங்கள். வாங்கப் போகிறவரை எந்தக் கம்பெனியும் விரட்டாது. என் வாடிக்கையாளர்களுக்காக நான் இப்படி எழுதிப் பலமுறை கெடு நீட்டி வாங்கியிருக்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அந்த வயது மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்காது, எனவே முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. வருடச் சந்தா கட்டுவதற்கு முன் இதையும் யோசியுங்கள். உங்கள் சாஃப்ட்வேர் லினக்ஸிலும் ஓடுகிறது என்பது அந்த டெஸ்க்டாப்புக்கு நல்ல செய்தி.


கூடலூர் லினக்ஸ்
திங்கள், மாலை 7.05

அக்கா, லேப்டாப் விஷயம் நான் சொல்கிறேன். எனக்கும் அதே அரசு லேப்டாப்தான், கல்லூரி முழுக்க அதில்தான் படித்தேன்.

விண்டோஸ், போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரத்தில் இந்திய நேரத்தையே எழுதி வைக்கும். லினக்ஸ் அதே கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும். இரண்டுக்கும் இடையே நமக்கு 5.30 மணி நேரம். நீங்கள் உபுண்டுவில் நெட்டோடு இருந்துவிட்டு மாலை 6 மணிக்கு விண்டோஸுக்குத் திரும்பினால், விண்டோஸ் மதியம் 12.30 என்று நினைத்துக்கொண்டு எழும். கொஞ்ச நேரத்தில் நெட் வந்து சரியாகலாம். அதற்குள் நீங்கள் சாஃப்ட்வேரைத் திறந்திருப்பீர்கள். அதன் கண்ணுக்கு நேரம் ஐந்தரை மணி பின்னால் போயிருக்கிறது, ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று பூட்டிவிட்டது.

உபுண்டு டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதற்கு 1 என்று கொடுத்தால் உபுண்டுவும் இந்திய நேரத்தையே எழுதும். இதைச் செய்யாதே என்று உபுண்டு ஒரு எச்சரிக்கை காட்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும் நாடுகளுக்கான பயம் அது. நமக்கு அந்த வழக்கம் இல்லை, தைரியமாகச் செய்யலாம்.

ஆப்இமேஜ் அசையாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது அனுமதி. ஃபைலின் மேல் வலது கிளிக், பண்புகள், அதில் நிரலாக இயக்க அனுமதி என்பதை டிக் செய்ய வேண்டும். பென்டிரைவில் வைத்துக்கொண்டே டிக் செய்தால் நிற்காது, முதலில் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். இரண்டாவது, 22.04இல் இருந்து உபுண்டு லிப்ஃபியூஸ்2 என்ற துணை நிரலைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. பழைய முறையில் கட்டிய ஆப்இமேஜ் எல்லாம் அதைக் கேட்கும். ஆப்ட் என்ற இன்ஸ்டால் கட்டளை மூலம் லிப்ஃபியூஸ்2 மட்டும் போடுங்கள். ஃபியூஸ் என்ற பெயரிலேயே இன்னொரு தொகுப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடாதீர்கள். 22.04இல் அது புதிய ஃபியூஸ்3ஐ வெளியேற்றிவிடும், கூடவே டெஸ்க்டாப்பின் சில பகுதிகளும் போய்விடும். நான் அப்படிப் போய், தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்கத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தேன். 24.04க்கு மாறினால் அந்தத் தொகுப்பின் பெயர் லிப்ஃபியூஸ்2டி64.

ஐகானைத் தட்டி ஒன்றும் வராவிட்டால் அதே ஃபைலை டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். என்ன குறை என்று அங்கே ஒரு வரி எழுதிக் காட்டும். அந்த வரியைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.


பூம்பாறை பூண்டு மண்டி
திங்கள், இரவு 8.30

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். பூண்டுக் கணக்கு நான் மேக்கில்தான் வைத்திருக்கிறேன், அதனால் மேக் பற்றி மட்டும்.

செக்கோயா, அதாவது மேக்ஓஎஸ் 15 வந்த 2024க்கு முன் கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்து திறக்கலாம் என்பார்கள். அந்த வழியை இப்போது அடைத்துவிட்டார்கள். ஆப்பை ஒருமுறை திறந்து பாருங்கள், மறுக்கும், சரி என்று மூடிவிடுங்கள். குப்பைக்கு அனுப்பும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குப் போய்க் கீழே வரை இறங்குங்கள். "எப்படியும் திற" என்ற பட்டன் அங்கே இருக்கும். சுமார் ஒரு மணி நேரம்தான் இருக்கும், தேடி வராவிட்டால் மறுபடி ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும். ஃபைல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் எடுத்தது என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மேக்குக்கு இறக்கும் டிஎம்ஜி ஃபைலைத் திறந்து அதற்குள்ளேயே ஆப்பை ஓட்டக் கூடாது. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். எம்1 ஆப்பிளின் சொந்தச் சிப் என்பதால், இன்டெல் சிப்புக்காக எழுதிய சாஃப்ட்வேராக இருந்தால் ரொசெட்டா என்ற மாற்று நிரல் வேண்டுமா என்று கேட்கும், சம்மதித்துவிடுங்கள்.

ஆனால் தம்பி பெங்களூர் திரும்பிவிடுவார் என்றால் அந்த மேக்கில் ட்ரயலைத் தொடங்குவதில் என்ன பிரயோஜனம்? ஒரே மெயில் முகவரியில் மூன்று மெஷினில் தொடங்கினால் சில கம்பெனிகள் மூன்றையும் ஒரே ட்ரயலாகவே எண்ணுவார்கள். எடை போடுகிற இடத்தில் இருக்கிற மெஷின் எதுவோ, அதில் மட்டும் தொடங்குங்கள்.


கீழ்கோத்தகிரி கணக்கர்
செவ்வாய், காலை 11.10

நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுபவன். சாஃப்ட்வேரைத் திறக்கும் வழிகளை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 30 நாளை எப்படிச் செலவு செய்வது என்று நான் சொல்கிறேன், அம்மா.

நம் தொழிலில் மாதக் கணக்கு அந்த மாதத்தோடு முடிவதில்லை. இலை கொடுக்கும் நாளில் கடைசி விலை என்னவென்று யாருக்கும் தெரியாது. 2003இல் வந்த தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், விற்பனை வரவில் நூற்றுக்கு விவசாயிக்கு 65, ஃபேக்டரிக்கு 35 என்ற பங்கீட்டு முறையில் மாத விலை வருகிறது. ஏல விலை தெரிந்த பிறகுதான் தேயிலை வாரியம் அந்த மாதத்துச் சராசரி விலையை அறிவிக்கும். அதுவரை நீங்கள் கொடுப்பது முன்பணம். எனவே 1ஆம் தேதி ட்ரயலைத் தொடங்கினால், விலை வந்து, பாக்கி கணக்கிட்டு, சீட்டு அடிக்கும் நேரத்தில் உங்கள் 30 நாள் முடிந்திருக்கும். எது மிகவும் சிக்கலான வேலையோ, அதையே பார்க்காமல் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அதனால் போன மாத நோட்டை எடுங்கள். விலை தெரிந்த மாதம், விடை தெரிந்த கணக்கு. முதல் மூன்று நாளில் அதை முழுவதும் ஏற்றுங்கள். 58 பேருக்கும் சாஃப்ட்வேர் காட்டும் பாக்கியும் நோட்டில் இருக்கும் பாக்கியும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். சாக்குக் கழிவு, ஈரக் கழிவு இரண்டையும் தனித்தனியாகப் போட இடம் இருக்கிறதா? மாதம் முடிந்த பிறகு விலையை மாற்றினால் பழைய எடைச் சீட்டுகளுக்கும் அது போய்ச் சேர்கிறதா? இந்த இரண்டும் இல்லாத சாஃப்ட்வேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இலைக்கடைக்கு ஆகாது. அது சரியாக வந்த பிறகு நடப்பு மாதத்தைத் தொடங்குங்கள்.

பழைய தேதியில் பதிவு போட ட்ரயல் விடுகிறதா என்பதையும் முதல் நாளே பாருங்கள். எல்லா ட்ரயலும் நாள் கணக்கில் முடிவதில்லை. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் எஜுகேஷனல் மோடு இத்தனை நாள் என்று முடியாது, ஆனால் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில்தான் வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு போட விடும். கற்றுக்கொள்ள அது போதும். தினமும் எடை போடும் உங்களுக்குப் போதாது.

ட்ரயல் முடியும் முன் எல்லாவற்றையும் எக்செல் வடிவில் வெளியே எடுத்து, லிப்ரே ஆஃபீஸில் திறந்து பாருங்கள். வெளியே எடுக்க முடியாத இடத்தில் 58 குடும்பத்தின் கணக்கை வைக்கக் கூடாது. அப்பாவின் நோட்டை மூன்று மாதம் நிறுத்த வேண்டாம். இரண்டும் ஓடட்டும்.


கட்டபெட்டு இலைக்கடை
12 நாள் கழித்து, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி கோத்தகிரி வாட்ச் கடையில் 40 ரூபாய். மீட்டர் வைத்துக் கேட்டதால் கடைக்காரர் முதலில் எடுத்ததை உள்ளே வைத்துவிட்டு வேறு கவரைப் பிரித்துக் கொடுத்தார். தம்பி டார்ச் பிடிக்க நான்தான் மாற்றினேன். குன்னூர் அண்ணா சொன்னது போல சாட்டா அமைப்பு மாறித்தான் இருந்தது, போனில் படம் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் திரும்ப வைத்தேன். அந்த ராத்திரி நல்ல மழை, கரண்ட் வேறு இல்லை. காலையில் அப்பாவே முதலில் போய் ஆன் செய்து, தேதி சரியாக இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னார். எஃப்1 கேட்கவில்லை.

ஆஃப்லைன் ஸ்கேனில் அந்த டிஎல்எல் கூட வந்த ஒரு ஃபைல் மாட்டியது. எடுத்துவிட்டேன். இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்.

கம்பெனிக்கு எழுதினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. பதிப்பு எண்ணும் படமும் அனுப்பியதற்கு நன்றி என்று சொல்லி, டெஸ்க்டாப்புக்குப் புதிதாக 30 நாள் சாவி கொடுத்தார்கள். மேக்கில் தொடங்கவில்லை, தம்பி கிளம்பிவிட்டான். லேப்டாப்பில் உபுண்டு நேரத்தை மாற்றி வைத்தேன், இப்போது இரண்டிலும் ஒரே மணி. ஆப்இமேஜும் லிப்ஃபியூஸ்2 போட்டதும் திறந்தது, ஆனால் அதை ட்ரயலில் சேர்க்காமல் அப்படியே மூடி வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப்பை லினக்ஸுக்கு மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.

போன மாத நோட்டை ஏற்ற மூன்று நாள் போதவில்லை, ஐந்து நாள் ஆனது. அந்தப் பாட்டியின் கணக்கைத்தான் முதலில் போட்டேன், 46 கிலோவையும் சேர்த்து. 58இல் 55 பேருக்குப் பாக்கி ஒத்துப்போகிறது. மூன்று பேருக்கு வித்தியாசம் வருகிறது, அதில் இரண்டு நோட்டில் நாங்கள் கூட்டியதில் வந்த தப்பு. அவர்களுக்குச் சேர வேண்டிய 212 ரூபாயும் 90 ரூபாயும் நேற்று அப்பா நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது ஈரக் கழிவு. அதைத் தனியாகப் போட சாஃப்ட்வேரில் இடம் இல்லை, சாக்குக் கழிவோடு சேர்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது. கம்பெனிக்கு இதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பதில் வராமல் சந்தா கட்டப் போவதில்லை.

எடைச் சீட்டில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக விழுந்தன. அச்சு அமைப்பில் எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பழைய பெயர்ப் பட்டியல் மட்டும் அதில் வராது, யூனிகோடில் திரும்ப அடிக்க வேண்டும். 58 பெயர்தானே, நாளை இலை வருவதற்குள் முடித்துவிடுவேன்.